இரண்டு பக்கமும் கைப்பிடி

என் மனைவி மேரிசெலினுக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பஸ் கொஞ்சம் பிந்தினாலே எனக்கு உச்சிக்கு ஏறிவிடும். அவள் பக்கத்தில் நின்று கைப்பைக்குள் இனிப்புத் தேடிக்கொண்டிருப்பாள். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பெண்ணோடு குடும்பம் நடத்தியாயிற்று, இனி இவளைப் பற்றி அறிய என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று எனக்குக் காட்டித் தந்தது எங்கள் ஊர் நகரசபை.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில். நான் பேதுரு, மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். செலின் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவள். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள் என்று பேர்தான், நீந்தத் தெரியாமல்தான் டென்மார்க்குக்கு வந்து இறங்கினாள். பெண்பிள்ளைகள் கடலுக்குள் போகக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். முப்பத்தாறு வயதில், கூட வேலை செய்த டெனிஷ் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, நீச்சல் குளத்தில் பழகினாள். பிறகு ஏரி. அதற்குப் பிறகு, மாதாவே, பனிக்கால ஏரி! ஜனவரி மாதத்தில், கரையோரம் ஐஸ் பிடித்துக் கிடக்கும்போது, அந்தப் பெண்களோடு ஏணியால் இறங்கிக் கழுத்துவரை நனைந்து, தோளில் ஆவி பறக்க ஏறி வருவாள். ஞாயிறு பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால் எங்கள் தமிழ்ச் சனத்திடம் எனக்கு விசாரணை.

"என்ன பேதுரு, உம்மடை மனுசிக்கு வீட்டிலை சுடுதண்ணி இல்லையோ?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. "நீங்களும் ஒருக்கா வாங்கோ, பிறகு கதையுங்கோ" என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. நாக்கும் பாரித்துவிட்டது, ஒரு வசனம் சொல்லி முடிக்க, அவள் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, வலது கையால் எதையாவது பிடித்துக்கொண்டு மெல்ல நடக்க வந்தது. மற்ற நேரமெல்லாம் சக்கர நாற்காலி. இதில் எதற்கும் அவள் அழவில்லை. ஒன்றுக்குத்தான் அழுதாள். ஏரிக்குள் இறங்கும் ஏணிக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேண்டும்.

ஒரு கோடையில் நானும் மகன் ஜோனாசும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தோம். நாங்கள் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு. கரைக்குக் கொண்டுவந்து துவாயால் போர்த்தும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் சந்தோசமே இல்லை.

"நான் என்ன மீன்பெட்டியே, ரெண்டு பேர் தூக்கி இறக்கிறதுக்கு? நானே இறங்க வேணும். இல்லாட்டி வேண்டாம்."

அன்றிலிருந்து அவள் ஏரிப் பக்கம் வரவில்லை. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், ஏரிக்கரைப் பாதையை விட்டுவிட்டு மற்றத் தெருவால் போகச் சொல்லுவாள். அது சுற்றுவழி. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அப்படி இருக்கையில்தான் நகரசபை ஓர் அறிவித்தல் விட்டது. எங்கள் பகுதிக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். அதை எதற்குச் செலவழிப்பது என்று அங்கே குடியிருக்கிறவர்களே தீர்மானிக்கலாம். யாரும் ஒரு திட்டம் கொடுக்கலாம். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாத் திட்டத்தையும் விரித்து வைப்பார்கள், சனம் வந்து வாக்குப் போடும். கூடுதல் வாக்கு எடுத்ததில் இருந்து தொடங்கி, காசு முடியும் மட்டும் ஒவ்வொன்றாக நிறைவேற்றுவார்கள். அறிவித்தலை வாசித்து நான் சிரித்தேன். காசை எங்களிடம் தந்து, நீங்களே பாருங்கோ என்று சொல்லுகிற அரசாங்கத்தை நான் எங்கே கண்டேன்?

செலின் சிரிக்கவில்லை. ஒற்றைக் கையால் கணினியில் தட்டித் தட்டி ஒரு திட்டம் எழுதினாள். கரையில் இருந்து தண்ணீருக்குள், நெஞ்சளவு ஆழம் வரைக்கும், மெல்லச் சரிந்து போகும் ஒரு சீமெந்துப் பாதை. சக்கர நாற்காலி போகிற அகலம். இரண்டு பக்கமும் கைப்பிடி.

"வெல்லுமெண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாப்பம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமையை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன். வாக்குச்சாவடி என்றால் எனக்குத் தெரிந்தது துவக்குத் தூக்கிய ஆமிக்காரரும் மண்மூட்டையும் விரலில் மையும்தான். இங்கே வாசலில் ஒரு பெண் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். வாக்குப்பெட்டி என்பது பிள்ளைகள் வர்ணம் தீட்டிய ஒரு பழைய வாழைப்பழப் பெட்டி. பூட்டுமில்லை, பொலிசுமில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் வாக்கு. இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சப்பாத்து நாடா அவிழ்ந்த ஒரு பொடியன் மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எதற்குப் போடுவதென்று யோசிக்கிறான். ஒரு கிழவனார் அவனுக்குப் பின்னால் பொறுமையாக முறைக்கு நிற்கிறார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கோழிக்கூடு, தேனீத் தோட்டம், கருவிகள் இரவல் கொடுக்கும் கொட்டகை, உதைபந்தாட்டத் திடலுக்கு விளக்கு என்று மண்டபம் முழுக்க மேசைகள். நான் எங்கள் மேசையில் நின்று வருகிறவர்களுக்கு வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுத்தேன். செலின் எங்கள் மேசையில் நிற்கவே இல்லை. தன் நாற்காலியை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு மற்ற மேசை எல்லாவற்றுக்கும் போனாள். கோழிக்காரரிடம் நரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். விளக்குக் கேட்டவர் ஹென்றிக், பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவர், பனை மாதிரி வளர்ந்த மனுசன். இலையுதிர்காலம் வந்தால் பின்னேரமே இருட்டிவிடுகிறது, பிள்ளைகளுக்குப் பந்து தெரிகிறதில்லை என்று அவர் முழங்காலை ஊன்றி இருந்துகொண்டு அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உமக்கென்ன விசரே? எங்கடை மேசையை விட்டிட்டு அவைக்கு ஏன் ஆள் சேக்கிறீர்?"

"ஆளுக்கு மூண்டு வாக்கப்பா. மற்ற ரெண்டையும் பாக்காமல் போடலாமே?"

விதி அப்படித்தான். ஒவ்வொருவரும் மூன்று திட்டங்களைக் குறிக்க வேண்டும். நான் எங்களுடையதைக் குறித்தேன். பிறகு, எது நிச்சயமாய்த் தோற்கும் என்று பார்த்துக் கோழிக்கூட்டுக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று போட்டேன். யாருக்கும் நட்டமில்லைத்தானே.

மத்தியானம் எங்கள் சனம் வந்தது. வந்தது என்றால், கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் குடும்பம் குடும்பமாக, சேலையும் கோட்டுமாக வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தவராஜா அண்ணை ஒருவரையும் விடாமல் தொலைபேசியில் பிடித்திருந்தார். மண்டப வாசலில் டெனிஷ்காரர் வாய் பிளந்து பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இனியென்ன, வென்றாயிற்று!

பின்னேரம் வாக்கெண்ணி முடிந்தது. நகரசபை அலுவலர் பிர்கித்த, ஒரு மெலிந்த பெண், ஒலிவாங்கியைப் பிடித்தாள். முதலாவது கருவிக் கொட்டகை. இரண்டாவது கோழிக்கூடு. கோழிக்கூடு! பிறகு உதைபந்தாட்ட விளக்கு. அத்தோடு காசு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்தபடியாக, கொஞ்ச வாக்கில் பின்னுக்கு, எங்கள் சரிவுப் பாதை.

"இன்னும் ஒரு விசயம்" என்றாள் பிர்கித்த. அவள் முகம் வாடியிருந்தது. மேசையில் ஒரு தடித்த கட்டு வாக்குச்சீட்டு இருந்தது. "இவ்வளவும் செல்லாது. மூன்று குறிக்க வேண்டும், இவற்றில் ஒன்றுதான் குறித்திருக்கிறது. எல்லாம் ஒரே திட்டத்துக்கு."

எந்தத் திட்டத்துக்கு என்று அவள் சொல்லத் தேவையில்லை.

நடந்தது என்னவென்றால், தவராஜா அண்ணை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் காதுக்குள் ஓதியிருக்கிறார். நாங்கள் பிறந்த நாட்டுத் தேர்தலில், ஒரு கட்சியின் ஆட்களுக்குள் பிடித்த மூன்று பேரைக் குறிக்க ஆளுக்கு மூன்று விருப்பு வாக்கு. மூன்றையும் போடுகிறவன் விவரமில்லாதவன். மற்றவனுக்குப் போட்டால் நம்முடைய ஆளுக்கு அடி. ஆனபடியால் ஒன்றே ஒன்று போட வேண்டும். இது அங்கே எல்லாருக்கும் பால்குடியிலேயே தெரிந்த பாடம். அதை அப்படியே ஏரிக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டின் தலைப்பிலேயே டெனிஷில் விதி எழுதியிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்லியும் இருக்கிறார்கள். "சும்மா இரும், உமக்கு எலெக்‌ஷனைப் பற்றி என்ன தெரியும்?" என்று தாய் தகப்பன்மார் அவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். பிள்ளைகள் போட்ட வாக்கு மட்டும்தான் தப்பியது.

"இது அநியாயம்!" என்று தவராஜா அண்ணை கத்தினார். "எங்கடை சனத்துக்குத் தமிழிலை ஆர் சொன்னவை?"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை; தமிழும் டெனிஷும் கலந்து நல்லதொன்றும் இருந்திருக்காது. அப்போது ஹென்றிக் எழுந்தார். அந்த உயரமான மனுசன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு சொன்னார், "அவர்கள் ஒரு பிழை விட்டதால்தான் நாங்கள் வென்றோம் என்றால் எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொருமுறை வாக்கெடுப்போம்."

மறுபடி எடுத்தால் அவருடைய விளக்குத்தான் போகும். அது அவருக்கும் தெரியும். பிர்கித்த மண்டபத்தைப் பார்த்துக் கேட்டாள், விருப்பமானவர்கள் கையை உயர்த்தலாமா என்று. கைகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. தோற்கப்போகிறவர்களுடைய கைகள்! கடவுளே, இது என்ன நாடு, இவர்கள் என்ன மனுசர்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏரி எங்கள் கைக்குள் வந்துவிட்டது.

"வேண்டாம்."

செலின்தான். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். டெனிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். அவள் தேடும்போது அந்த மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை, ஒருவரும் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை.

"காலையில் வந்து... வாக்குப் போட்டு... வீட்டுக்குப் போன ஆக்கள் இருக்கினம். அவை முடிவெண்டு... நம்பிப் போனவை. அவை இல்லாத நேரம்... அவையின்ரை வாக்கை நான் எப்பிடி அழிக்கிறது? விதி... எனக்குத் தெரியும். எங்கடை ஆக்களுக்குச் சொல்லாமல் விட்டது நான். அடுத்த முறை வாறன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்துவிட்டாள். பிறகு ஹென்றிக்கைப் பார்த்து, தான் விளக்குக்கும் ஒரு வாக்குப் போட்டதாகச் சொன்னாள். அந்த மனுசன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. "கையிலை வந்ததைத் தட்டி விட்டீரே! ஆருக்கு இந்தப் பெரிய மனம் காட்டினனீர்? ஏரி வேணுமெண்டு அழுதது நீரோ நானோ?" அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏரி வேணும்தான்" என்றாள் கடைசியில். "ஆனால் அதுக்குள்ளை இறங்கேக்கை... ஆரோ போட்ட வாக்கை மிதிச்சுக்கொண்டு இறங்கேலாதப்பா."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மண்டபத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று. தேத்தண்ணி போடப் போனேன்.

அடுத்த வருடம் இன்னொரு சிக்கல். விலைவாசி ஏறியதில் சரிவுப் பாதையின் மதிப்பீடும் ஏறிவிட்டது. முதலிடம் வராவிட்டால், மற்றத் திட்டங்களுக்குப் போக மிச்சமிருக்கும் காசுக்குள் அது அடங்காமல் போகலாம். ஒரு பக்கக் கைப்பிடியை வெட்டினால் தொகை குறையும் என்று பிர்கித்த யோசனை சொன்னாள். எனக்கு அது நல்லதாகப் பட்டது.

"உமக்கு வலக்கை தானே பிடிக்கும்? வலப்பக்கம் ஒண்டு காணும். எதுக்கு ரெண்டு?"

"போகேக்கை வலப்பக்கம்" என்றாள். "திரும்பி வரேக்கை அது எனக்கு எந்தப் பக்கம்?"

நான் சமையலறைக்குள்ளேயே ஒருமுறை போய், திரும்பி நடந்து பார்த்தேன். அட, இடப்பக்கம். பிடிக்க முடியாத கை.

"எனக்கு மட்டுமில்லை. இடக்கை மட்டும் உள்ளவை... போகேக்கை எதைப் பிடிக்கிறது? ரெண்டு வேணும். காசு காணாட்டி... அதுக்கடுத்த வருசம்." அவள் அசையவே இல்லை.

அசைந்தது நாங்கள்தான். அந்த வருடம் முழுக்க அவள் தமிழ் வீடுகளுக்குப் போனாள். நான் தள்ளிக்கொண்டு போவேன், அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசுவாள். தனக்குப் போடச் சொல்லி ஓரிடத்திலும் கேட்கவில்லை. "மூண்டும் போட வேணும். வாசிச்சுப் போடுங்கோ." அவ்வளவுதான்.

"சரியக்கா, உங்களுக்கு ஒண்டு. மற்ற ரெண்டும் எதுக்கெண்டு சொல்லுங்கோவன்" என்பார்கள்.

"அதை நான் சொன்னால் அது என்ரை வாக்கெல்லோ?" என்பாள்.

வாக்கெடுப்பு நாளன்று தவராஜா அண்ணை மண்டபத்தில் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும்! போன முறை காதுக்குள் ஓதிய மனுசன், இந்த முறை ஒவ்வொரு மேசையாகப் போய், நூலகத்தில் சாய்ந்திருந்து வாசிக்கச் சாய்மனைக் கதிரை கேட்டவர்களின் திட்டத்தையும், வௌவாலுக்குப் பெட்டி கேட்டவர்களின் திட்டத்தையும் உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் எங்கள் சனம், சேலையும் கோட்டும், திருவிழாவில் மாதாவின் சுருவத்துக்குப் பின்னால் போவதுபோல் போனது. வௌவாலைப் பற்றி அரை மணித்தியாலம் வாக்குவாதம் பண்ணினார்கள். ஹென்றிக் தன் பிள்ளைகளையும் தாய் தகப்பன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சரிவுப் பாதைக்குத்தான் முதலிடம். இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. பிர்கித்த அதை வாசித்தபோது நான் கத்திய கத்து ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். வௌவாலும் வென்றது.

பாதை கட்டி முடிந்தது ஜூன் மாதம். ஒரு காலை, நாங்கள் குடும்பமாகப் போனோம். மகள் யூலியானா துவாயோடு நின்றாள். முன்னொருமுறை நான் வாயைக் கொடுத்து மாட்டியிருந்தேன்: அது மட்டும் கட்டி முடிந்தால் நானும் உம்மோடை இறங்குவன் என்று. இவ்வளவு வருடம் ஏரிக்கரையில் இருந்தும் கணுக்கால் நனைத்ததில்லை நான், நீந்தவும் தெரியாது. காற்சட்டையும் பெனியனுமாக நடுங்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

செலின் நாற்காலியில் இருந்து எழுந்தாள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலை வைத்து, மற்றக் காலை இழுத்தாள். ஜோனாஸ் உதவிக்குப் போகப் பார்த்தான். யூலியானா டெனிஷில் "விடு, அம்மா போவா" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. தண்ணீர் ஏற ஏற அவள் இழுத்த கால் லேசாகி, மற்றக் காலோடு சேர்ந்து நடந்தது. நெஞ்சளவில் கைப்பிடி முடிகிறது. அங்கே அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை விட்டாள்.

"செலின்!" என்று அலறினேன்.

அவள் மல்லாக்க மிதந்தாள். ஒரு கையும் ஒரு காலும்தான் அடித்தன. மற்றவை பேசாமல் கூட வந்தன. கரையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும் அந்த உடம்பு, தண்ணீரில் நேராகக் கிடந்தது. முகம் வானத்தைப் பார்த்தது. எனக்கு அழுகையா சிரிப்பா வந்தது என்று தெரியாது. நான் கலியாணம் கட்டிய பெண் யாரென்று அன்றைக்குத்தான் கண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா நிண்டு பாக்கிறியள்? சொன்ன சொல்லுக்கு வாங்கோ."

இடது கையால் ஒரு கைப்பிடியையும் வலது கையால் மற்றதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் தண்ணீருக்குள் கால் வைத்தேன்.